கண்ணுக்கு மூணு சுழி

உங்க டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறங்க. கடைசியா யாராவது போட்ட போஸ்டருக்கு என்ன ரிப்ளை வந்திருக்குன்னு ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. ஃபயர் எமோஜி வரிசையா இருக்கும். "செம மச்சி". "வேற லெவல்". நடுவுல ஒருத்தன் "ட்ரீட் எப்போ?"ன்னு கேட்டிருப்பான். அவ்வளவுதான். போஸ்டர்ல என்ன எழுதியிருக்குன்னு அதுல ஒருத்தராவது படிச்சாங்க என்பதற்கு ஒரு ஆதாரமும் இருக்காது.

யாரும் படிக்கலை என்பதற்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு. போன வருஷம் எங்க என்.எஸ்.எஸ். யூனிட்டுக்காக நான் ஒரு போஸ்டர் செஞ்சேன். குரூப்ல போட்ட அரை மணி நேரத்துல 38 ரியாக்‌ஷன். அந்தப் போஸ்டரோட தலைப்பு, இருக்கறதுலேயே பெரிய எழுத்துல, இப்படி இருந்தது: "இலவச கன் பரிசோதனை முகாம்".

கண் இல்லை, கன். ரெண்டு சுழி. ஏதோ துப்பாக்கிக்கு செக்கப் பண்ணப் போற மாதிரி. கண்ணு நல்லாத் தெரியிற, இன்ஜினியரிங் படிக்கிற 38 பேர் அந்த வார்த்தையைத் தாண்டிப் போய் எமோஜி போட்டாங்க. அவங்களைச் சொல்லி என்ன, நாலு நாள் அதே எழுத்தை நகர்த்தி நகர்த்தி வெச்சுக்கிட்டு இருந்த எனக்கே தெரியலை.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா நமக்குக் கிடைக்கிறது ஃபீட்பேக் இல்லை. அது மொய். இன்னைக்கு என் போஸ்டருக்கு நீ வெச்சா, நாளைக்கு உன் போஸ்டருக்கு நான் வெப்பேன். மொய் வைக்கிறது தப்புன்னு சொல்லலை, அது நட்புக்கு நல்லது. ஆனா மொய் நோட்டைப் பார்த்து சாப்பாடு நல்லா இருந்துச்சான்னு கண்டுபிடிக்க முடியாது.

வெர்ஷன் ஒன்று

முதல்ல கதையைச் சொல்லிடறேன். அப்போ நான் மூணாம் வருஷம். எங்க என்.எஸ்.எஸ். யூனிட் தத்தெடுத்த கிராமத்துல ஏழு நாள் சிறப்பு முகாம். அதுல ஒரு நாள், பக்கத்து டவுன்ல இருந்து ஒரு கண் மருத்துவமனை டீம் வந்து ஊர்க்காரங்களுக்கு இலவசமா கண் பரிசோதனை பண்றதா ஏற்பாடு. கண்புரை இருந்தா அவங்களே வண்டியில கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணித் திரும்பக் கொண்டுவந்து விடுவாங்க. அதுக்கும் காசு கிடையாது.

போஸ்டர் வேலை என்கிட்ட வந்தது. காரணம், டிபார்ட்மென்ட் சிம்போசியம் போஸ்டர் எல்லாம் நான்தான் செய்வேன். அதெல்லாம் இங்கிலீஷ். நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். பத்தாவது வரைக்கும் தமிழ் ரெண்டாவது பாடம், ப்ளஸ் டூல மார்க்குக்காக பிரெஞ்சு. போன்ல தமிழ் டைப் பண்றதுன்னா 'கேஏஎன்'னு அடிச்சு, முதல்ல எது வருதோ அதைத் தொட்டுட்டுப் போற ஆள். அப்படித்தான் அந்த ரெண்டு சுழி வந்து உட்கார்ந்தது.

வெர்ஷன் ஒன்று எப்படி இருந்ததுன்னா: நல்ல மஞ்சள் பின்னணி. அது மேல வெள்ளை எழுத்து, ரொம்ப மெல்லிசான ஃபான்ட். நடுவுல பெரிய கண், அந்தக் கண்ணோட பாப்பாவுக்குள்ள ஒரு கியர் வீல். இன்ஜினியரிங் காலேஜ் இல்லையா! நாலு ஓரத்திலும் தங்க நிறத்துல கோலம் மாதிரி பார்டர். கீழே பதிவு பண்ண க்யூஆர் கோடு. தேதி "21.02 | 09:30 - 13:00". லேப்டாப்ல பார்க்க நிஜமாவே அழகாத்தான் இருந்தது. இப்பவும் அதை என் போர்ட்ஃபோலியோவுல இருந்து எடுக்க மனசு வரலை.

அடுத்து சார்கிட்ட அப்ரூவல். அவர் பார்த்துட்டு, "நல்லா இருக்கும்மா. காலேஜ் பேரு இன்னும் பெருசா வரட்டும். லோகோவும் கொஞ்சம் பெருசு பண்ணிடு" என்றார். பண்ணினேன். இடம் பத்தலை. அதனால "கட்டணம் கிடையாது, அறுவை சிகிச்சையும் இலவசம்" என்ற வரியைச் சின்னதாக்கி, கீழே க்யூஆர் கோடு பக்கத்துல ஒதுக்கினேன். அந்த வரியை ஒதுக்கினப்போ எனக்கு எதுவுமே தோணலை. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப அதுக்கு வருவேன்.

வெர்ஷன் ரெண்டை பென் டிரைவ்ல எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற பிரிண்டிங் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருந்த அண்ணன் ஃபைலைத் திறந்தார். ரெண்டு செகண்ட் கூட ஆகலை.

"ஏம்மா, கண்ணுக்கு மூணு சுழி. நீ ரெண்டு போட்டிருக்கியே."

என் முகம் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுக்கோங்க. அவர் சிரிக்கக்கூட இல்லை. தினமும் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலின்னு நூறு ஃபைல் பார்க்கிறவர். திருத்திட்டு, "எத்தனை காப்பி?"ன்னு கேட்டார்.

அறுபதுன்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஆனா எங்க புரோகிராம் ஆஃபீசர் மேடம் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாங்க: "முதல்ல ஒண்ணே ஒண்ணு போட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போங்க. நாலு பேர்கிட்ட காட்டிட்டு வந்து மீதியைப் போடலாம்." அப்போ எனக்கு எரிச்சலா இருந்தது. ஸ்பெல்லிங்கும் சரி பண்ணியாச்சு, இன்னும் என்ன? இன்னைக்கு யோசிச்சா, அந்த நாலு வருஷத்துல நான் கேட்ட உருப்படியான டிசைன் பாடம் அந்த ஒரு வரிதான்.

ரேஷன் கடை வரிசை

ஒரு ஏ3 பிரிண்ட். நானும் என் ஃப்ரெண்டும் டவுன் பஸ் ஏறிப் போனோம். ரேஷன் கடை திறக்கிற நேரம். வரிசையில நின்னுக்கிட்டு இருந்த ஒரு பாட்டிகிட்ட முதல்ல நீட்டினேன். பாட்டி வாங்கி, அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டாங்க:

"ஏங் கண்ணு, யாரூட்டுக் கல்யாணம்?"

மஞ்சள் கலர், தங்கப் பார்டர், பெரிய தாள். அவங்க அறுபது எழுபது வருஷமாப் பார்த்த எல்லா மஞ்சள் பத்திரிகையும் அப்படித்தான் இருக்கும். தப்பு அவங்களோடது இல்லை. நான் உடனே, "இல்ல பாட்டி, இது கல்யாணம் இல்ல, கண்ணு டெஸ்ட் பண்ற முகாம், அடுத்த வாரம்..." என்று ஆரம்பிச்சேன். ஃப்ரெண்ட் கையைக் கிள்ளினா. "நீ வாயாலயே சொல்லிட்டா போஸ்டர் எதுக்குடி?"

சரியாத்தான் கேட்டா. சுவத்துல ஒட்டின போஸ்டர் பக்கத்துல நான் நின்னு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. நாம விளக்க ஆரம்பிச்ச நிமிஷமே அந்த டெஸ்ட் செல்லாது. அடுத்த மூணு பேர்கிட்ட நான் வாயே திறக்கலை. ரொம்பக் கஷ்டமா இருந்தது.

டீக்கடை பெஞ்சுல இருந்த ஒரு அண்ணன் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிச்சு, காலேஜ் பேரை முழுசாச் சத்தமா வாசிச்சார். அப்புறம் மடிச்சுக் குடுத்துட்டார். "காலேஜ்ல ஏதோ அட்மிஷனாட்ட இருக்குதுங்க. எங்கூட்ல படிக்கிற பசங்க யாரும் இல்லீங்க." லோகோவைப் பெருசாக்கினதோட பலன் அது.

எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு முழுசாப் படிச்சா. ரெண்டு கேள்வி கேட்டா. "அக்கா, புறநோயாளின்னா என்ன?" "பள்ளி வளாகம்னு போட்டிருக்கீங்களே, எந்தப் பள்ளிக்கூடம்? இங்க ரெண்டு இருக்கே?" எனக்கு அந்த ஊர்ல ரெண்டு பள்ளிக்கூடம் இருக்கறதே அப்பதான் தெரியும்.

நாலாவதா ஒரு தாத்தா. ஒரு கண்ணுல வெள்ளையாப் படர்ந்திருந்தது, எங்களுக்கே தெரிஞ்சது. அவர் தாளை வாங்கவே இல்லை. "எழுத்தெல்லாம் தெரியாதுங் கண்ணு, நீங்களே படிச்சுச் சொல்லுங்க." படிச்சேன். முகாம், தேதி, இடம். முடிச்சதும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "ஆபரேஷன்னா எவ்வளவு ஆகுமுங்க?"

"அதுவும் இலவசம் தாத்தா. போக வர வண்டியும் அவங்களே."

"அப்படிங்களா? போன வருசமும் இப்படித்தான் ஒட்டியிருந்தாங்க. காசு கேப்பாங்கன்னு நான் போகலீங்க."

பஸ்ஸுல திரும்பி வரும்போது அதுக்கு முந்தின வருஷப் போஸ்டரை போன்ல தேடி எடுத்தேன். எங்க சீனியர் ஒருத்தர் செஞ்சது. எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன். இலவசம் என்ற வார்த்தை அதுல இருந்தது. அடியில, இளநீல பின்னணியில சின்ன வெள்ளை எழுத்து. நான் என் போஸ்டர்ல ஒதுக்கி வெச்சேனே, கிட்டத்தட்ட அதே இடம். அந்தப் போஸ்டருக்குக் கீழே வந்த ரிப்ளையையும் பார்த்தேன். ஃபயர் எமோஜி போட்டதுல நானும் ஒருத்தி.

ஒரு மனுஷன் ஒரு வருஷம் ஒரு கண்ணோட இருந்திருக்கார். அதுக்குப் போஸ்டர் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வரியைப் பெருசாப் போட யாருக்கும் பத்து பைசா செலவாகியிருக்காது.

மஞ்சள் மேல வெள்ளை

ரூமுக்கு வந்து இன்ஜினியரா யோசிச்சேன். அழகு பத்திப் பேசினா ஆளுக்கொண்ணு சொல்லலாம், கான்ட்ராஸ்டைக் கணக்குப் போடலாம். வெப்சைட் செய்யறவங்க பின்பற்றுற டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிமுறையில எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல வெளிச்ச விகிதம் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 இருக்கணும். வெள்ளை மேல கறுப்பு 21:1. அதுதான் உச்சம். நான் போட்ட மஞ்சள் மேல வெள்ளைக்குக் கணக்குப் போட்டா 1.63. அந்த விதிமுறை ஸ்கிரீனுக்கு எழுதினதுதான், ஆனா வெயில்ல சுவத்துல ஒட்டின தாளுக்கு அதைவிடக் குறைவாப் போதும்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

அதைவிட ஒண்ணு என்னை உறுத்தினது. கண்புரை வந்தா கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் மங்கிப் போகும், பலருக்கு அது மஞ்சளாவும் மாறும். கான்ட்ராஸ்ட் பிரிச்சுப் பார்க்கிற சக்தி குறையும், வெளிச்சத்துல கண் கூசும். அதாவது, கண்புரை இருக்கறவங்களைக் கூப்பிட நான் செஞ்ச போஸ்டர், கண்புரை இல்லாதவங்களுக்கு மட்டுமே தெரியிற போஸ்டர்.

இன்னொண்ணு, நம்ம எழுத்தைப் பத்தி. இங்கிலீஷ்ல 'ஐ' எழுத்து மேல இருக்கற புள்ளி அழிஞ்சாலும் படிச்சுடலாம். தமிழ்ல புள்ளி போனா எழுத்தே வேற. மெல்லிசான ஃபான்ட்ல, பத்து அடி தள்ளி நின்னா, "மருத்துவர்" என்பது "மருததுவர" ஆயிடுது. சிம்போசியம் போஸ்டர்ல இருந்து பழகின அதே ஸ்டைலை நான் அப்படியே தமிழுக்கு மாட்டி விட்டிருந்தேன். மேல கொம்பு, கீழே சுழி வர்ற எழுத்துக்கு வரிக்கு வரி இடைவெளி கூட வேணும்னு கூட யோசிக்கலை.

டிராயிங் போட்ட ஒருத்தர்

இந்த மாதிரி நேரத்துல எனக்கு ஆறுதலா இருக்கற ஒரு கதை ஹாரி பெக்கோடது. நம்ம வகையறா ஆள்தான். லண்டன் சுரங்க ரயில் நிறுவனத்துல சிக்னல் பிரிவுக்கு டிராயிங் போட்டுக்கிட்டு இருந்த டிராஃப்ட்ஸ்மேன். முதல் வருஷம் டிராயிங் ஹால்ல மினி டிராஃப்டரோட மல்லுக்கட்டின யாருக்கும் அவர் சொந்தக்காரர் மாதிரி.

1931ல அவர் யாரும் கேக்காமலே ரயில் பாதைக்குப் புது வரைபடம் ஒண்ணு வரைஞ்சார். ஊர்ல பாதை எப்படி வளையுதோ அப்படியே வரையாம, எலக்ட்ரிக்கல் சர்க்யூட் மாதிரி, நேர்க்கோடும் 45 டிகிரி சாய்வும் மட்டும். தூரக் கணக்கை விட்டுட்டார். நிஜ பூகோளத்துல இருந்து அடையாளத்துக்குத் தேம்ஸ் ஆறு மட்டும். விளம்பரப் பிரிவு அதை நிராகரிச்சுடுச்சு. ரொம்பப் புதுசா இருக்கு, ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு பயம். அவர் விடலை, திரும்பக் கொண்டு போனார். 1932ல 500 காப்பி மட்டும் அடிச்சு சில ஸ்டேஷன்கள்ல குடுத்துப் பார்த்தாங்க. ஜனங்க அள்ளிக்கிட்டுப் போனாங்க. 1933ல ஏழு லட்சம் காப்பி அடிச்சாங்க. அந்த முதல் பதிப்போட அட்டையிலேயே, இது பழைய வரைபடத்துக்குப் புது வடிவம், உங்க கருத்தை எழுதி அனுப்புங்கன்னு பயணிகள்கிட்ட கேட்டிருந்தாங்க. அதுக்கப்புறமும் பெக் இருபது வருஷத்துக்கு மேல அதைத் திருத்திக்கிட்டே இருந்தார். இன்னைக்கு சென்னை மெட்ரோ ரயிலுக்குள்ள பார்க்கிற வரைபடமும் அதே முறையில வந்ததுதான்.

இதுல நான் கவனிச்சது ரெண்டு. அலுவலகத்துல இருந்தவங்க "ஜனங்களுக்குப் புரியாது"ன்னு ஜனங்க சார்பா முடிவு பண்ணினாங்க, அது தப்பாப் போச்சு. என் விஷயத்துல நான் "ஜனங்களுக்குப் புரியும்"னு அவங்க சார்பா முடிவு பண்ணினேன், அதுவும் தப்பாப் போச்சு. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான்: கொஞ்சமா அடிச்சு, உபயோகிக்கப் போறவங்க கையில குடுத்துப் பார்க்கறது. அங்க 500 காப்பி, எங்களுக்கு ஒரு காப்பி.

எல்லாத்தையும் கேட்டா கூட்டாஞ்சோறு ஆகாதா?

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். ஆளுக்கொண்ணு சொல்வாங்க, எல்லாத்தையும் சேர்த்தா டிசைன் உருப்படாது. நியாயமான பயம். சாரோட "லோகோ பெருசு பண்ணு"வை நான் அப்படியே கேட்டதால வந்த வினையை மேலே பார்த்தீங்க.

அதுல இருந்து நான் கத்துக்கிட்டது: ஒருத்தர் சொல்றதுல ரெண்டு பங்கு இருக்கும். ஒண்ணு, அவருக்கு எங்க இடிக்குது என்பது. இன்னொண்ணு, அதுக்கு அவர் சொல்ற வைத்தியம். முதல் பங்கை எப்பவும் எடுத்துக்கணும். ரெண்டாவது நம்ம வேலை. பாட்டி "மஞ்சளை எடு, வெள்ளையாக்கு"ன்னு சொல்லலை. "யாரூட்டுக் கல்யாணம்?"னு கேட்டாங்க. தனக்கு என்ன தெரிஞ்சதோ அதைச் சொன்னாங்க. அதைவிட சுத்தமான ஃபீட்பேக் எனக்கு அதுவரைக்கும் யாரும் குடுத்ததில்லை.

சார்கிட்டயும் திரும்பப் போனேன். கொஞ்சம் பயத்தோடதான். "சார், லோகோ பெருசா வேணும்னு சொன்னீங்களே, எதுக்காக சார்?" அவர் யோசிச்சுட்டுச் சொன்னார்: "யாரோ தெரியாதவங்க நடத்தற முகாம்னு நினைச்சு ஜனங்க பயப்படக் கூடாது. நம்ம பேர் இருந்தா நம்பி வருவாங்க." அது எவ்வளவு நல்ல காரணம்! எனக்கு அது தோணவே இல்லை. அதுக்கு லோகோ பெருசாக வேண்டாம். "நடத்துபவர்கள்" என்று போட்டு மருத்துவமனை பேரும் காலேஜ் பேரும் தெளிவா ஒரு வரி போதும். சாரும் ஒத்துக்கிட்டார். முதல் தடவையே "ஏன் சார்?"னு கேட்டிருந்தா இலவசம் என்ற வரி ஒதுங்கியே இருக்காது.

நம்ம காலேஜ்கள்ல ஃபீட்பேக் என்றாலே மூணு வகைதான் பழக்கம். ஃப்ரெண்டு வைக்கிற மொய். சீனியர் பண்ற ரோஸ்ட். மேலிடத்து உத்தரவு. மொய்யில என் மனசு நோகக் கூடாது என்பது முக்கியம். ரோஸ்ட்ல நான் நோகணும் என்பது முக்கியம். உத்தரவுல அவர் பேச்சு நடக்கணும். மூணுலயும் போஸ்டர் எங்கேயும் இல்லை, அதைப் படிக்க வேண்டிய ஆளும் இல்லை. அதனாலதான் ஜீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூ, செகண்ட் ரிவ்யூன்னு மூணு ரிவ்யூ முடிச்சும், "தப்பிச்சோம்டா சாமி"ன்னு வெளியே வர்றோமே தவிர, புராஜெக்ட்ல ஒரு வரி கூட மாத்தறதில்லை. ரிவ்யூ என்பது தப்பிக்க வேண்டிய விஷயம்னு நம்மளை யாரோ நம்ப வெச்சுட்டாங்க.

வெர்ஷன் நாலு

நடுவுல வெர்ஷன் மூணு ஒண்ணு இருந்தது, அதை அந்த எட்டாவது பொண்ணு போன்லயே நிராகரிச்சுட்டா. நாலு இப்படி: வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, தடிமனான நோட்டோ சான்ஸ் தமிழ். கியர் வீல் போச்சு, கோலம் போச்சு. அதை அழிக்கும்போது வலிச்சது, பொய் சொல்ல மாட்டேன். மேல "கண் முகாம்". அதுக்கு அடுத்து, அதே அளவுல, "இலவசம். ஆபரேஷனும் இலவசம்." அப்புறம் "வெள்ளிக்கிழமை காலை 9.30 மணி", தேதி அதுக்குப் பக்கத்துல. ஊர்ல எல்லாரும் கிழமையைத்தான் முதல்ல கேட்டாங்க. "ரேஷன் கடை பக்கத்துப் பள்ளிக்கூடம்". "ஆதார் கார்டு எடுத்துட்டு வாங்க". க்யூஆர் கோடு இடத்துல ஒரு போன் நம்பர், பெருசா. பட்டன் போன் வெச்சிருக்கற பாட்டி எந்தக் கேமராவால ஸ்கேன் பண்ணுவாங்க?

குரூப்ல போட்டேன். ஆறு ரியாக்‌ஷன். ஒருத்தன் கேட்டான்: "என்னாச்சு, டைம் இல்லையா?"

முகாம் அன்னைக்குக் கூட்டம் வந்தது. போஸ்டரால வந்ததுன்னு நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஆட்டோவுல மைக் கட்டிச் சொன்னாங்க, ஊராட்சித் தலைவர் சொன்னார், எங்க பசங்க வீடு வீடாப் போனாங்க. தாத்தாவும் வந்தார், ஆனா அது நாங்க நேர்ல சொன்னதால. அவர் பேர் ஆபரேஷன் லிஸ்ட்ல ஏறினதைப் பார்த்தேன். எனக்கு அவரைவிட, ரேஷன் கடையில அன்னைக்கு எங்க கண்ணுல படாத மத்த தாத்தாக்களைப் பத்தின நினைப்புதான் அதிகம். முந்தின வருஷம் எத்தனை பேர் "காசு கேப்பாங்க"ன்னு வீட்லயே இருந்தாங்களோ.

என்.எஸ்.எஸ்.ஸோட வாசகத்துக்கு அர்த்தம் "நான் அல்ல, நீ" என்பது. மூணு வருஷமா அந்த லோகோவை எல்லாப் போஸ்டர்லயும் மூலையில ஒட்டியிருக்கேன். அது டிசைனருக்கும் சொன்னதுன்னு எனக்குத் தெரியலை.

அடுத்த போஸ்டருக்கு முன்னாடி

நீங்க செய்யறவங்களா இருந்தா, அழகா செய்யாதீங்கன்னு சொல்லலை. சிம்போசியத்துக்கு கியர் வீல் தாராளமா வைங்க. ஆனா பிரிண்டுக்கு முன்னாடி யாருக்காகச் செஞ்சீங்களோ அந்த வகை ஆள் ஒரு மூணு பேரைப் பிடிங்க. அஞ்சு செகண்ட் காட்டிட்டு எடுத்துடுங்க. "எப்படி இருக்கு?"ன்னு கேக்காதீங்க. "இது எதைப் பத்தி? எப்போ? எங்க? காசு உண்டா?"ன்னு கேளுங்க. அவங்க பேசும்போது நீங்க பேசாதீங்க. பத்தடி தள்ளி நின்னு பாருங்க. தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரை எழுத்து எழுத்தாச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, ஹாஸ்டல் மெஸ் அண்ணனா இருந்தாலும் சரி, நூலகத்து மேடமா இருந்தாலும் சரி. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆளா இருந்தா இது கட்டாயம். வெட்கப்பட ஒண்ணும் இல்லை. தப்பா அச்சடிச்சு அறுபது சுவத்துல ஒட்டறதுதான் வெட்கம்.

நீங்க பார்க்கிறவங்களா இருந்தா, ஃபயர் எமோஜி போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுதுங்க: "எனக்கு முதல்ல கண்ணுல பட்டது இது." அவ்வளவு போதும். நல்லா இருக்கு, நல்லா இல்லைன்னு தீர்ப்பு சொல்ல வேண்டாம். அந்த ஒரு வரியில அந்தப் பையனுக்கோ பொண்ணுக்கோ தேவையான எல்லாம் இருக்கும். வேணும்னா அதுக்கப்புறம் ஃபயர் போட்டுக்கோங்க, வாங்கிக்கிறவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்.

கடைசியா ஒண்ணு. இந்தக் கட்டுரை நம்ம மேகசின் எடிட்டோரியல் டீம் கைக்கு ரெண்டு தடவை போய் வந்தது. முதல் தடவை 14 இடத்துல சிவப்புக் கோடு. அதுல ஒன்பது, ன-வும் ண-வும் மாறினது. திருத்தியாச்சு. இன்னும் ஏதாவது விட்டுப் போயிருந்தா, எந்த வரின்னு குறிச்சு அனுப்புங்க.